ஈ.எஸ்.ஐ.யும் இல்லை, முதலமைச்சர் காப்பீடும் இல்லை: 22,000 சம்பளக்காரர் எங்கே போவார்?

ஓசூர் சிப்காட்டில் சிறு கம்பெனிகளுக்குச் சம்பளப் பட்டியல் போட்டுக் கொடுப்பது என் தொழில். மாதக் கடைசியில் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: "சார், இந்த ஈ.எஸ்.ஐ. எனக்கு வேணாம், கையிலயே குடுத்துடச் சொல்லுங்க. வீட்லதான் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்குதே."

இரண்டும் ஒன்றல்ல. ஈ.எஸ்.ஐ. என்பது தொழிலாளியும் முதலாளியும் மாதாமாதம் பங்கு போடும் தொழிலாளர் அரசு மருத்துவக் காப்பீடு. 20,000 சம்பளத்தில் தொழிலாளியிடம் பிடிப்பது 0.75 சதவீதம், 150 ரூபாய். முதலாளி போடுவது 3.25 சதவீதம், 650 ரூபாய். ஆக மாதம் 800. முதலமைச்சர் காப்பீட்டுக்கு 2022 ஒப்பந்தப்படி அரசு வரிப்பணத்திலிருந்து கட்டும் பிரீமியம் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கே 849 ரூபாய்தான். அதில் பட்டியலில் உள்ள சிகிச்சைகளுக்கு 5 லட்சம் வரை கிடைக்கும். மாதாமாதம் வாங்கும் சர்க்கரை மாத்திரைக்குக் கிடைக்காது. ஈ.எஸ்.ஐ.யில் மாத்திரையும் உண்டு. 78 நாள் சந்தா போயிருந்தால், நோயில் படுத்த நாட்களுக்கு ஆண்டில் 91 நாள் வரை 70 சதவீதச் சம்பளமும் வரும். 150-ஐ மிச்சம் பிடிக்கப் போய் 650-ஐ விடுவானேன்? சட்டப்படி விடவும் முடியாது என்பது வேறு.

எனக்கு உறுத்துவது இன்னொன்று. ஈ.எஸ்.ஐ.க்கு மாதச் சம்பள வரம்பு 2017 முதல் 21,000. முதலமைச்சர் காப்பீட்டுக்குக் குடும்ப வருமானம் ஆண்டுக்கு 1,20,000-க்குள், அதாவது மாதம் 10,000. பாலக்கோட்டிலிருந்து பஸ் ஏறி வரும் ஒருவருக்குச் சம்பளம் 22,000 ஆனால் இரண்டு கதவும் சாத்திக்கொள்கின்றன. வி.ஏ.ஓ.விடம் வருமானத்தைக் குறைத்து எழுதித் தரச் சொல்லிக் கெஞ்சுவது இதனால்தான். அப்படிக் கெஞ்சுபவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

ஜெர்மனி 1883-லேயே சம்பளத்தில் பங்கு பிடிக்கும் வழியைத் தொடங்கியது. பிரிட்டன் 1948-ல் வரிப்பணத்திலேயே எல்லோருக்கும் என்றது. நமக்குப் பொருந்துவது தாய்லாந்து வழி என்பேன். அங்கே கம்பெனித் தொழிலாளிக்குச் சந்தா, அரசு ஊழியருக்குத் தனித் திட்டம். மிச்சமிருக்கும் அத்தனை பேருக்கும் 2002 முதல் வரிப்பணம். வருமானச் சான்று கேட்பதில்லை, அதனால் நடுவில் யாரும் விழுவதில்லை. செலவு கூடும்தான். இப்போது அந்தச் செலவை நகைக்கடன் அல்லவா சுமக்கிறது?

அதுவரை இதைக் கவனியுங்கள். ஈ.எஸ்.ஐ. வரம்புக்கு ஓவர்டைம் சேராது. ஓவர்டைமோடு 21,000-ஐத் தாண்டியதாகச் சொல்லி நிறுத்தினால் கேளுங்கள். ஜூனில் சம்பளம் கூடினாலும் செப்டம்பர் வரை பிடித்தம் தொடரும். அதற்கான பலன் அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை உண்டு. அந்த அவகாசத்துக்குள் தனிப் பாலிசி எடுத்துவிடுங்கள். தனிநபர் பாலிசிக்கு 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீத ஜி.எஸ்.டி. இல்லை. ஏற்கெனவே உள்ள நோய்க்கு 3 ஆண்டு வரை காத்திருக்க வைப்பார்கள், ஆகவே சர்க்கரையோ பிரஷரோ இருந்தால் இன்க்ரிமென்ட் கடிதம் வந்த வாரமே விசாரியுங்கள்.