முதுமையியல்: மருத்துவம் என்று குறுக்க வேண்டாம்

சென்ற மாதம் மும்பை மாட்டுங்காவில் நடந்த ஒரு சொற்பொழிவுக்கான தமிழ் அழைப்பிதழில், 'முதியோர் மருத்துவச் சிறப்புரை' என்று அச்சிட்டிருந்தார்கள். உரையாற்ற வந்தவர் மருத்துவர் அல்லர். வயதாவதை மனிதர்கள் எவ்வாறு உணர்கிறார்கள், குடும்பமும் ஊரும் அதை எவ்வாறு எதிர்கொள்கின்றன என்பதை ஆராய்பவர். செம்பூரிலிருந்து வந்த ஓர் அம்மா, சர்க்கரைப் பரிசோதனைத் தாள்களை மஞ்சள் பையில் மடித்துக் கொண்டுவந்திருந்தார். முழங்கால் வலிக்கு இங்கே யாரும் மருந்து சொல்லமாட்டார்கள் என்று தெரிந்ததும், "அப்ப நான் கிளம்பறேன்மா" என்று எழுந்துவிட்டார். மகனோடு இருப்பதற்காகக் கும்பகோணத்தை விட்டு வந்து, மராத்தியும் இந்தியும் வராமல், அடுக்குமாடி வீட்டில் பேச ஆளின்றிப் பகலைக் கழிக்கும் அவரைப் போன்றவர்களைப் பற்றியதுதான் அன்றைய உரை.

இந்தக் குழப்பத்தை நான் பார்ப்பது முதன்முறையன்று. அன்றைய உரை எந்தத் துறையைச் சேர்ந்ததோ, வயதாவதை ஆராயும் அந்தத் துறைக்கு ஆங்கிலத்தில் 'ஜெரன்டாலஜி' என்று பெயர். அச்சொல்லை 1903-இல் உருவாக்கியவர் எலீ மெச்னிகோவ் என்ற அறிவியலாளர். முதியவரைக் குறிக்கும் 'கெரோன்' என்ற கிரேக்கச் சொல் அதன் அடி. 'ஜெரியாட்ரிக்ஸ்' வேறு சொல்; 1909-இல் நியூயார்க் மருத்துவர் நாஷர் படைத்தது; அதற்குத்தான் முதியோர் மருத்துவம் என்பது பொருந்தும்.

ஜெரன்டாலஜியை 'முதியோரியல்' என்பாரும் உளர். கிரேக்க வேரை அப்படியே பெயர்த்தால் அதுதானே வரும் என்பது அவர்கள் வாதம். வேரைப் பெயர்ப்பது வேறு, துறையைப் பெயர்ப்பது வேறு. நம் தேவ்னாரில் உள்ள பன்னாட்டு மக்கள்தொகை அறிவியல் நிறுவனம் 2017-18-இல் தொடங்கிய நாடு தழுவிய முதுமை ஆய்வின் முதற் சுற்றில் 72,000-க்கும் மேற்பட்டோரிடம் தகவல் திரட்டியது. அதில் 45 வயதினரும் இருக்கிறார்கள். 2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டப்படி 60 வயது நிறைந்தவரே மூத்த குடிமக்கள் என்றிருக்க, நாற்பத்தைந்து வயதுக்காரரை முதியோர் என்றால் அவரே ஒப்புக்கொள்ள மாட்டார். முதுமை ஒரு நாள் காலையில் வந்து கதவைத் தட்டுவதில்லை. அது எப்படி வந்து சேர்கிறது என்பதையும் சேர்த்து ஆராயும் துறைக்கு ஆட்பெயரை அடியாக வைத்தால், ஆராய வேண்டிய நிலை மறைந்து, ஒரு கூட்டத்தாரைத் தனியே நிறுத்தி வேடிக்கை பார்ப்பதாகிவிடுகிறது. மருத்துவம் செய்வது முதியோருக்கு, ஆராய்வது முதுமையை.

'மூப்பியல்' இதைவிட நல்ல சொல். 'மூ' என்ற வினையிலிருந்து பிறந்ததால் வயதாகிக்கொண்டே போகும் இயக்கம் அதில் இருக்கிறது. ஆனால் பணிமூப்பு என்று அலுவலகங்களில் நாள்தோறும் வழங்கி, மூப்பு என்றால் பதவி வரிசை என்ற எண்ணம் பலருக்கு வந்துவிட்டது. 'முது' என்பதிலிருந்து வரும் முதுமைக்கு அந்த இடர் இல்லை. ஆகவே முதுமையியல் என்பதே பொருந்தும்; சமூக, பண்பாட்டு ஆய்வைத் தனித்துக் குறிக்க வேண்டுமானால் சமூக முதுமையியல்.

உடலின் தளர்ச்சி வேறு, அதைச் சுமப்பவரின் உணர்வு வேறு என்பதற்குத் தமிழில் பழைய சான்று உண்டு. புறநானூற்றின் 243-ஆம் பாட்டில், ஊன்றுகோலைப் பிடித்து நடுங்கி, 'இருமிடை மிடைந்த சிலசொல்', அதாவது இருமலுக்கு இடையே சில சொற்கள், பேசும் முதியவர், இருமலைப் பற்றி முறையிடவில்லை. மருதமரக் கிளையேறி ஆழ்மடுவில் குதித்த இளமை இப்போது எங்கே இருக்கிறதோ என்றுதான் இரங்குகிறார். 'பெருமூதாளரேம்' (மிக முதியவரானோம்) என்று தம்மைத் தாமே குறிக்கவும் அவருக்குச் சொல் இருந்தது. இப்படியொரு மொழியைக் கையில் வைத்துக்கொண்டு, வயது என்ற சொல்லைக் கண்டதும் நம் மொழிபெயர்ப்பாளர்கள் மருத்துவத்தை இழுத்து வருவது எனக்கு வருத்தமளிக்கிறது. அகராதியின் முதல் வரியோடு நிறுத்தாமல், உரையாளர் எதைப் பற்றிப் பேசப்போகிறார் என்று அவரிடமே ஒரு வார்த்தை கேட்டிருந்தால், அந்த அம்மா பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியிருக்க மாட்டார்.