குழந்தையின் மூளை நோய்க்கு மரபணு சிகிச்சை: தோட்டக் குடும்பங்களுக்கு உள்ள வழிகளும் உரிமைகளும்

மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் பால் வெட்டும் ஒரு தாய், தம் கைப்பேசியில் எடுத்து வைத்திருந்த மூன்று நிமிடக் காணொளியை என்னிடம் காட்டினார். இரண்டு வயதுக் குழந்தையின் கண்கள் மேல்நோக்கிச் செருகி நிற்கின்றன, கழுத்து பின்னுக்கு வளைகிறது, உடல் வேர்த்துக் கொட்டுகிறது. மாலையில் தொடங்கி இரண்டு மணி நேரம் நீடித்து, தூங்கி எழுந்தால் தெளிந்துவிடுமாம். மருத்துவச் சந்திப்புகள் எல்லாம் காலையில் இருந்ததால், எந்த மருத்துவரும் இதை நேரில் பார்த்ததில்லை. குழந்தையின் கோப்பில் ‘வலிப்பு’ என்றே எழுதியிருந்தது.

கண் செருகும் குழந்தைகள் எல்லாருக்கும் அரிய நோய் என்று சொல்ல வரவில்லை. பெரும்பாலோருக்கு இருப்பது சாதாரண வலிப்பு நோய்தான். ஆனால் கழுத்து நிற்காமை, உடல் துவளுதல், மாலையில் மிகுந்து தூக்கத்துக்குப் பின் தணியும் கண் செருகல் ஆகியவை ஒன்றுசேர்ந்தால், ஏஏடிசி குறைபாடு என்னும் பரம்பரை மூளை நோயை மருத்துவர்கள் நினைத்துப் பார்க்க வேண்டும். உடலசைவுக்குத் தேவையான டோபமைன் என்னும் மூளை வேதிப்பொருளை உண்டாக்கும் நொதிக்கான டிடிசி மரபணு பழுதாகிப்போவதே இந்நோய்க்குக் காரணம். பழுதில்லாத அந்த மரபணுவை, தீங்கு செய்யாதபடி மாற்றப்பட்ட ஏஏவி வைரஸில் ஏற்றி, மண்டையோட்டில் இடும் சிறு துளைகளின் வழியே மூளையின் ஆழத்தில் செலுத்தும் சிகிச்சை தைவான் மருத்துவர்களின் ஆய்விலிருந்து வளர்ந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜூலையிலும் அமெரிக்கா 2024 நவம்பரிலும் அதற்கு ஒப்புதல் அளித்தன. மெட்டாகுரோமேட்டிக் லூக்கோடிஸ்டிரோபி என்னும் வேறொரு பரம்பரை மூளை நோய்க்கு, குழந்தையின் சொந்தக் குருத்தணுக்களை (ஸ்டெம் செல்) எடுத்து, மரபணுவைச் சேர்த்துத் திரும்பச் செலுத்தும் சிகிச்சை உண்டு. அமெரிக்காவில் அதன் விலை 4.25 மில்லியன் டாலர் என 2024இல் அறிவிக்கப்பட்டது. விலையைவிட நம்மைக் கவலைப்படுத்த வேண்டியது காலம்தான்: அந்த நோயில் அறிகுறிகள் முற்றுவதற்கு முன்பே சிகிச்சை நடக்க வேண்டும், இறந்துபோன மூளைச் செல்களை எந்த மருந்தாலும் திரும்பக் கொண்டுவர முடியாது.

ஆகவே முதல் வேலை நோயின் பெயரைக் கண்டறிவது. 4,000 பேரில் ஒருவருக்கும் குறைவாகக் காணப்படும் நோயையே மலேசிய சுகாதார அமைச்சு அரிய நோய் என்கிறது. மருத்துவமனையில் மலாயில் ‘பெஞ்ஞாகிட் ஜாராங் ஜும்பா’ என்று கேட்டால் புரிந்துகொள்வார்கள். நம் நாட்டில் எல்லாக் குழந்தைகளுக்கும் பிறந்தவுடன் தொப்புள்கொடி இரத்தத்தில் செய்யப்படுவது ஜி6பிடி (ஒரு நொதிக் குறைபாடு), தைராய்டு ஆகிய இரண்டு சோதனைகளே. அவை இயல்பாக இருந்தன என்பதால் மரபணு நோய் இல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அருகிலுள்ள கிளினிக் கெசிஹாத்தான் என்னும் அரசு சுகாதார நிலையத்தில் கடிதம் வாங்கி, ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனையின் குழந்தை நல நிபுணரைப் பார்க்க வேண்டும். தேவையானால் அவர் கோலாலம்பூரிலுள்ள மரபியல் பிரிவுக்கு அனுப்புவார். அரசு மருத்துவமனையில் நிபுணரைப் பார்க்கக் குடிமக்களுக்குக் கட்டணம் 5 வெள்ளி (ரிங்கிட்). முதற்கட்டச் சோதனைக்குச் சில துளி இரத்தமே போதும்: குதிகாலிலோ விரலிலோ குத்தி எடுத்து, தடித்த வடிதாளில் அச்சிட்ட வட்டங்களில் ஊறவிட்டு, உலர்த்தி அனுப்புவார்கள். மரபணுச் சோதனை சில வேளை வெளியே அனுப்பப்படும். அதற்குக் கட்டணம் உண்டா என்பதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

நிபுணர் தயங்காமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “சொந்தத்தில் கட்டினீர்களா?” 1976ஆம் ஆண்டுத் திருமணச் சட்டம், இந்துக்களுக்கு மட்டும், தாய்மாமன் அக்காள் மகளை மணப்பதை விலக்காக அனுமதிக்கிறது, தோட்டங்களில் இத்தகைய திருமணங்கள் இன்றும் உண்டு. ஏஏடிசி போன்ற நோய்களில் தாயும் தந்தையும் ஒரே மரபணுவில் பழுதைத் தங்களுக்குத் தெரியாமலே சுமக்கிறார்கள், அவர்களுக்கு நோய் இருக்காது. ஒவ்வொரு பேற்றிலும் பிள்ளைக்கு நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒரு பங்கு. சொந்தத்தில் மணந்தவர்களிடையே இந்தப் பொருத்தம் கூடுதலாக நேர்கிறது என்பதே கேள்விக்குக் காரணம். தாய் மீதோ அவள் பிறந்த வீட்டின் மீதோ பழி போடுவதற்கு இதில் இடமே இல்லை, ஏனெனில் பழுது இருபக்கத்திலிருந்தும் வருகிறது. உண்மையைச் சொன்னால் அடுத்த பேற்றுக்கு முன் மரபியல் ஆலோசனை கிடைக்கும்.

மாற்றுத்திறனாளிகளுக்கான ஓகேயூ அட்டைக்கு விண்ணப்பிக்க, நோயின் பெயர் தெரியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. 2008ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் சமூக நல இலாகா இந்த அட்டையை வழங்குகிறது. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஒட்டுமொத்த வளர்ச்சித் தாமதம் இருப்பதாக மருத்துவர் உறுதி செய்தாலே கற்றல் குறைபாட்டுப் பிரிவில் பதியலாம். அட்டை இருந்தால் அரசு மருத்துவமனையின் மூன்றாம் வகுப்பு வார்டுக் கட்டணம் விலக்கப்படும், கேடிஎம் ரயிலில் பாதிக் கட்டணம். படுத்த படுக்கையான பிள்ளையைப் பராமரிக்கும் ஏழைக் குடும்பத்துக்கான உதவித்தொகை, 2021 வரவு செலவுத் திட்டத்தில் மாதம் 350 வெள்ளியிலிருந்து 500 வெள்ளியாக உயர்த்தப்பட்டது. அதற்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும், அட்டையோடு தானாக வராது. மருத்துவமனை கையிருப்பில் இல்லாத மருந்துக்கும் கருவிக்கும் சுகாதார அமைச்சின் ‘தாபோங் பந்துவான் பெருபாத்தான்’ என்னும் மருத்துவ உதவி நிதியை நாடலாம். அரசு நிபுணரின் பரிந்துரை, வருமானச் சான்று, குடியுரிமை ஆகியன இதற்கு வேண்டும். விண்ணப்பத்தை மருத்துவமனையின் சமூகப் பணிப் பிரிவே தயாரித்துக் கொடுக்கும். மில்லியன் கணக்கில் விலையுள்ள மரபணு மருந்தை இந்நிதி அப்படியே வாங்கித் தரும் என்று நம்பி இருந்துவிடாதீர்கள். பிறப்புப் பத்திரத்தில் சிக்கல் உள்ள குழந்தைகளுக்கு இந்தக் கதவுகள் எல்லாம் மூடிவிடும் என்பது எனக்கு மிகவும் வேதனையானது. அதனால் பதிவுத் துறை வேலையை மருத்துவச் சோதனைகளோடு சேர்த்தே தொடங்கிவிடுங்கள்.

இனி ஆய்வு. வெளிநாட்டு மருத்துவக் குழு ஒன்று உங்கள் பிள்ளையை மரபணு சிகிச்சை ஆய்வில் சேர்க்கலாம் என்று சொன்னால், சந்தோஷத்தில் உடனே கையெழுத்துப் போட்டுவிடக் கூடாது. மலேசியாவில், பதிவு பெறாத மருந்தைக் கொண்டு நடக்கும் ஆய்வுக்குத் தேசிய மருந்து ஒழுங்குமுறைப் பிரிவின் உரிமம் வேண்டும். அது சுகாதார அமைச்சின் மருத்துவமனையில் நடப்பதானால் அமைச்சின் மருத்துவ ஆய்வு நெறிமுறைக் குழு ஒப்புதல் அளித்திருக்க வேண்டும். அந்த ஒப்புதல்களின் எண்ணைக் கேட்பது உங்கள் உரிமை. ஒப்புதல் படிவம் உங்களுக்குப் புரியும் மொழியில் விளக்கப்பட வேண்டும். வாசிக்கத் தெரியாத பெற்றோருக்கு, ஆய்வோடு தொடர்பில்லாத ஒரு சாட்சி உடனிருக்க வேண்டும். எந்த நேரத்திலும் விலகிக்கொள்ளலாம், விலகினாலும் வழக்கமான சிகிச்சை தொடரும். ஆய்வில் சேர யாராவது பணம் கேட்டால், அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

இன்னொன்றையும் கட்டாயம் கேளுங்கள். ஏஏவி வைரஸ் ஒரு முறை உடலில் போனபின் நோய் எதிர்ப்பாற்றல் அதை அடையாளம் கண்டுகொள்வதால், அதே வகை வைரஸில் வரும் வேறு சிகிச்சையைப் பிற்பாடு பெற முடியாமல் போகலாம். ஆரம்பக்கட்ட ஆய்வில் மிகக் குறைந்த அளவு மருந்தே கொடுக்கப்படுமானால், பிள்ளை பலன் பெறாமலே அந்த வாய்ப்பை இழக்கக்கூடும். “இதில் சேர்ந்தால் பிறகு வேறு சிகிச்சைக்குத் தடை உண்டா?” என்ற கேள்விக்குப் பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

எந்த ஆய்வுக் குழுவும் முதலில் கேட்பது, மரபணுவில் எந்த எழுத்து மாறியிருக்கிறது என்று காட்டும் அறிக்கையைத்தான். மருத்துவமனைக் கோப்பில் இருக்கிறது என்று விட்டுவிடாமல், அதன் நகலொன்றைக் கேட்டு வாங்கி, பிறப்புப் பத்திரமும் ஓகேயூ அட்டையும் இருக்கும் அதே உறையில் வையுங்கள். மாலையில் எடுத்த காணொளியையும் கைப்பேசி மாற்றும்போது அழித்துவிடாதீர்கள்.