பச்சை அடித்த கட்டத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்தீர்களா?

ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரம் போகும் சாலையில் பட்டணம்காத்தான் தொடங்கி உச்சிப்புளி வரை புஞ்சையும் பனங்காடும் மனைகளாகிக்கொண்டிருக்கின்றன. விற்பவர் நீட்டும் வரைபடத்தில் ஒரு மூலையில் பச்சை அடித்து 'பூங்கா' என்று போட்டிருக்கும். வாங்குபவர் தன் மனைக்குப் பட்டா, தாய்ப்பத்திரம், வில்லங்கம் எல்லாம் பார்ப்பார். பூங்காவுக்கு யாரும் பார்ப்பதில்லை. பல வருஷம் கழித்து அங்கே யாரோ கல் ஊன்றும்போதுதான் தெரு கூடும்.

2019-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, 10,000 சதுர மீட்டருக்கு (சுமார் 2 ஏக்கர் 47 சென்ட்) மேற்பட்ட மனைப்பிரிவில் சாலை போக மீதியில் 10 சதவீதம் திறந்தவெளிக்கு விட்டாக வேண்டும். அதற்குப் பதில் பணம் கட்ட முடியாது. 3,000 முதல் 10,000 வரை என்றால் இடமாகத் தரலாம், அல்லது வழிகாட்டி மதிப்பில் பணம் கட்டலாம். 3,000-க்குள் எதுவும் இல்லை. 3,000 சதுர மீட்டர் என்பது 74 சென்ட். பெரிய நிலத்தை 70, 70 சென்ட்டாக நறுக்கி மனை போடுவதன் சூட்சுமம் புரிகிறதா?

4 ஏக்கர் மனைப்பிரிவு என்றால் 1,74,240 சதுர அடி. சாலைக்கு 50,000 போனால் மீதியில் பத்தில் ஒன்று 12,424 சதுர அடி, அதாவது 28½ சென்ட். உங்கள் வரைபடத்தை எடுத்து இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

இடத்தை வரைபடத்தில் காட்டினால் போதாது. உள்ளாட்சியின் பெயருக்குத் தானப் பத்திரம் பதிவாக வேண்டும். பதிவானால் அந்த சர்வே எண்ணின் வில்லங்கச் சான்றில் வந்துவிடும். பெரும்பாலும் சிக்கல் வருவது இதற்கு அடுத்த படியில். பத்திரம் பதிவாகும், உட்பிரிவு செய்து (பூங்கா இடத்தைத் தனி சர்வே எண்ணாகப் பிரித்து) பட்டாவை மாற்ற யாரும் தாலுகா அலுவலகம் போகமாட்டார்கள். கிராம நிலக் கணக்கான அ-பதிவேட்டில் பழைய உரிமையாளர் பெயரே நிற்கும். அவர் காலமானதும் வாரிசுகள் பட்டாவைத் தங்கள் பெயருக்கு மாற்றி விற்கிறார்கள். வாங்கியவர் கையிலும் பட்டா இருக்கும். வழக்கில் தானப் பத்திரம் வெல்லலாம். அதற்குள் சுவர் எழும்பியிருக்கும்.

ஆகவே தானப் பத்திரம், ஊராட்சி பெயரில் பட்டா, உட்பிரிவு காட்டும் புலப்படம் (நில அளவை வரைபடம்) மூன்றும் கையில் வேண்டும். கிடைக்காவிட்டால் 10 ரூபாய் கட்டணத்தோடு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஊராட்சிக்கும் நகர் ஊரமைப்பு மாவட்ட அலுவலகத்துக்கும் தனித்தனியே மனுப் போடுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். பட்டா மாற்றக் கோரும் தீர்மானத்தைக் கிராம சபையில் எழுத்தில் ஏற்றுங்கள், வாய்ச்சொல் எடுபடாது.

ஆக்கிரமிப்பாளர் மட்டும்தான் ஆபத்து என்றில்லை. நல்ல எண்ணத்தோடு வரும் ரேஷன் கடை, அங்கன்வாடி, மேல்நிலைத் தொட்டி ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாக விழுங்கும். பூங்காவுக்கென ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்ததை 1991-ல் ஒரு பெங்களூரு வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை.

இந்தக் கரையில் திறந்தவெளி குடிதண்ணீர் விஷயமும்கூட. மணற்பாங்கான கடலோரத்தில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீர்மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே 1 அடி நல்ல தண்ணீர் நின்றால் கீழே சுமார் 40 அடி வரை நல்ல தண்ணீர் இருக்கும் என்பது பொதுக்கணக்கு. மேலே அரை அடி இறங்கினால் கீழிருந்து உப்பு 20 அடி ஏறி வரும். ஐப்பசி கார்த்திகை மழை மண்ணில் இறங்கினால்தான் நல்ல தண்ணீர் நிற்கும். அதனால் பூங்காவுக்குக் கிராவல் அடித்து மேடாக்கி, பேவர் பிளாக் பதிப்பது கிணற்றுக்கு மூடி போடுவதுதான். சாலை மட்டத்திலிருந்து ஒரு அடி தாழ்வாக விடுங்கள். பூவரசு, புங்கன், வேம்பு உப்புக்காற்றைத் தாங்கும். ஓரத்தில் பனங்கொட்டை ஊன்றினால் எல்லைக்கும் ஆகும்.

நில அளவைக்கு மனுப் போடுமுன் இடத்தில் மண்டியிருக்கும் சீமைக்கருவேலத்தை வேரோடு பிடுங்கிவிடுங்கள். எல்லைக்கல் அதற்குள்தான் மறைந்து கிடக்கும்.