ஊளையிடும் சக்கரம்

கார் ஓடும்போது அடியிலிருந்து ஓர் ஊளை கேட்கிறது. டயர் சத்தம் என்று நினைப்போம். சாலை சரியில்லை என்று சமாதானம் சொல்லிக்கொள்வோம். கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பாட்டை உரக்க வைப்போம். ஊளை உறுமலாக மாறிய பிறகுதான் சக்கர பேரிங் போய்விட்டது என்று ஒப்புக்கொள்ள மனம் வருகிறது. நான் முதல் முறை அதை வீட்டிலேயே மாற்றியபோது, புது பேரிங் மூன்றே வாரத்தில் பழையதைப் போல உறுமத் தொடங்கியது. பொருள்தான் போலியாக இருக்கும் என்று நினைத்தேன். பொருளில் ஒரு குறையும் இல்லை. பொருத்தும்போதே சுத்தியலால் அதைக் கொன்றுவிட்டிருந்தேன்.

பேரிங்கின் அமைப்பு எளிது. ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு எஃகு வளையங்கள், நடுவே இரு வரிசைக் குண்டுகள், குண்டுகள் ஒன்றோடொன்று உரசாமல் காக்க ஒரு கூண்டு, உள்ளே கிரீஸ், இரு பக்கமும் நீரும் தூசியும் புகாமல் தடுக்கும் சீல். வெளி வளையம், சக்கரத்தைத் தாங்கும் ‘நக்கிள்’ என்ற கனத்த வார்ப்புக்குள் அசையாமல் உட்கார்ந்திருக்கும். உள் வளையம், சக்கரம் மாட்டப்படும் ஹப்போடு சேர்ந்து சுழலும். வழுக்குவதைவிட உருள்வது எளிது என்பதுதான் இதன் அடிப்படை. வேல்ஸைச் சேர்ந்த பிலிப் வாகன் 1794இலேயே வண்டி அச்சுக்குக் குண்டு பேரிங் வைக்கக் காப்புரிமை பெற்றுவிட்டார். ஆனால் குண்டுகள் எல்லாம் துல்லியமாக ஒரே அளவில் இருக்க வேண்டும். ஒன்று பருத்திருந்தாலும் பாரம் முழுவதும் அதன் தலையில் இறங்கும். 1883இல் ஜெர்மனியின் ஷ்வைன்ஃபுர்ட் நகரில் ஃபிரீட்ரிஷ் ஃபிஷர் குண்டுகளைத் தேய்த்து உருட்டும் இயந்திரத்தை உருவாக்கிய பிறகே அந்தத் துல்லியம் பெருமளவில் கைகூடியது.

1,200 கிலோ எடையுள்ள காரில் ஒரு சக்கரத்தின் பங்கு ஏறக்குறைய 300 கிலோ. அதைத் தாங்கும் குண்டு ஒவ்வொன்றும் வளையத்தைத் தொடும் இடமோ குண்டூசித் தலையைவிடச் சிறியது. அந்தப் புள்ளியில் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப் போலப் பத்தாயிரம் மடங்குக்கு மேல் போகிறது. இவ்வளவு நெருக்கத்தில் எண்ணெய் பிதுங்கி ஓடிவிட வேண்டாமா? ஓடுவதில்லை. அந்த அழுத்தத்தில் கிரீஸிலுள்ள எண்ணெய் கணநேரத்துக்கு ஏறத்தாழ திடப்பொருளைப் போல இறுகிவிடுகிறது. ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூடத் தடிமன் இல்லாத அந்தப் படலத்தின் மேல்தான் குண்டு உருள்கிறது. எல்லாம் ஒழுங்காக இருக்கும்வரை இரும்பும் இரும்பும் தொட்டுக்கொள்வதே இல்லை எனலாம்.

அப்படியானால் பேரிங் ஏன் தேய்கிறது? தேய்வது என்ற சொல்லே சரியில்லை, அது களைத்துப்போகிறது. சக்கரத்தின் சுற்றளவு ஏறக்குறைய 2 மீட்டர் என்றால், ஒரு லட்சம் கிலோமீட்டருக்கு அது 5 கோடி முறை சுற்றியிருக்கும். ஒவ்வொரு சுற்றிலும் வளையத்தின் ஒரே இடம் பல முறை அமுக்கப்பட்டு விடுபடுகிறது. தொடும் இரு பொருள்களுக்கிடையே அழுத்தம் எப்படிப் பரவும் என்பதற்கு 1880களின் தொடக்கத்தில் ஜெர்மன் இயற்பியலாளர் ஹைன்ரிஷ் ஹெர்ட்ஸ் கணக்கு வகுத்தார். அதை நீட்டிப் பார்த்தால் வியப்பான ஒன்று தெரிகிறது: உலோகத்தை அறுக்கப் பார்க்கும் விசை உச்சத்தில் இருப்பது மேற்பரப்பில் அல்ல, அதற்குச் சற்றுக் கீழே. விரிசல் அங்கே தொடங்கி மெல்ல மேலேறி, ஒருநாள் சிறு செதிலாகப் பெயர்கிறது. மேலே கண்ணாடிபோல் பளபளக்கும் வளையம், உள்ளுக்குள் உடைந்துகொண்டிருக்கலாம். பாரம் இரட்டிப்பானால் குண்டு பேரிங்கின் ஆயுள் எட்டில் ஒன்றாகக் குறையும் என்பது பொறியாளர்கள் கையாளும் சூத்திரம்.

பல பேரிங்குகள் இந்த முதுமையை எட்டுவதற்கு முன்பே நீரால் சாகின்றன. ஓடிச் சூடான பேரிங் தேங்கிய நீரில் இறங்கினால் சட்டென்று குளிர்கிறது. உள்ளிருக்கும் காற்று சுருங்குகிறது. சற்றே தளர்ந்த சீல் வழியாக நீரை உறிஞ்சிக்கொள்கிறது. அதன் பிறகு துருவும் கிரீஸும் கலந்த சேறுதான்.

பெயர்ந்த குழியின் மேல் ஒவ்வொரு குண்டும் விழுந்து எழும் ஒலியே நாம் கேட்கும் ஊளை. கூண்டு சக்கரத்தின் வேகத்தில் பாதிக்கும் சற்றுக் குறைவாகவே சுழல்வதால், ஒரு வரிசையில் பன்னிரண்டு பதின்மூன்று குண்டுகள் இருந்தால், சக்கரத்தின் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய ஐந்து குண்டுகள் வெளி வளையத்திலுள்ள குழியைக் கடக்கும். 60 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் நொடிக்கு எட்டு முறை சுற்றுகிறது. அதாவது நொடிக்குச் சுமார் நாற்பது தட்டல்கள். தாழ்ந்த ஓர் உறுமல். வேகம் கூடினால் சுருதி ஏறும். கியரை மாற்றினாலும் வேகம் மாறாதவரை சுருதி மாறாது; என்ஜின் ஒலியிலிருந்து பிரித்தறிய இது போதும். டயர் ஒலியோ சாலையின் பரப்பு மாறும்போது மாறும். பேரிங்குக்குச் சாலையைப் பற்றிக் கவலையில்லை.

எந்தப் பக்கம் என்று கண்டுபிடிக்க வளைவு உதவும். வலப்பக்கம் திரும்பும்போது பாரம் இடப்பக்கச் சக்கரங்களின் மேல் சாய்கிறது. அப்போது உறுமல் கூடினால் பெரும்பாலும் இடப்பக்க பேரிங்தான் குற்றவாளி. இரட்டை வரிசை பேரிங் சில சமயம் இதில் ஏமாற்றும் என்பதால், சக்கரத்தைத் தூக்கிவைத்துக் கையால் சுற்றியும், மேலும் கீழும் பிடித்து ஆட்டியும் பார்ப்பது நல்லது. சுற்றும்போது மறு கையைச் சஸ்பென்ஷன் சுருளின் மேல் வைத்தால், காதுக்கு எட்டாத கரகரப்பு விரலுக்கு எட்டும்.

கழற்றும் வேலையில் அறிவியல் குறைவு, வியர்வை அதிகம். சக்கர அச்சின் முனையில் ஹப்பை இறுக்கிப் பிடிக்கும் ஆக்சில் நட்டு மிக இறுக்கமானது. கார் தரையில் நிற்கும்போதே அதைத் தளர்த்திவிட வேண்டும். பிறகு ஜாக்கியால் தூக்கி, உறுதியான ஸ்டாண்டின் மேல் நிறுத்த வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் கை நுழைப்பவரோடு எனக்குப் பேச்சில்லை. பிரேக் கட்டைகளை அழுத்தும் காலிப்பரைக் கம்பியால் கட்டித் தொங்கவிட வேண்டும்; ரப்பர் குழாயில் தொங்கினால் குழாய் பாழாகும். உங்கள் காரில் ஹப்பும் பேரிங்கும் ஒரே பொருளாக, போல்ட்டால் மாட்டும் வகை இருந்தால் அதிர்ஷ்டசாலி. பழையதைக் கழற்றிப் புதியதை முறுக்கினால் வேலை ஏறக்குறைய முடிந்தது. நக்கிளுக்குள் அழுத்திச் செருகும் வகையில்தான் சிக்கல். அதில் ஹப்பை இழுத்தாலே பழைய பேரிங் பிளந்து, உள் வளையத்தின் பாதி ஹப்பிலேயே ஒட்டிக்கொண்டு வரும். அதைப் புல்லர் என்ற இழுப்புக் கருவியால் எடுத்து, பேரிங்கைத் தடுத்து நிற்கும் சர்க்ளிப் என்ற வளையக் கிளிப்பையும் கழற்றிய பின் மிச்சத்தைத் தள்ள வேண்டும்.

நான் கொலை செய்தது இதற்கு அடுத்த கட்டத்தில். பேரிங் நக்கிளின் துளையைவிட ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு பெரியதாகச் செய்யப்பட்டிருக்கும். அந்த நெருக்கம்தான் அதைப் பிடித்துவைக்கிறது. ஆகவே உள்ளே தள்ளப் பெரும் விசை வேண்டும். கேள்வி, அந்த விசை எந்த வழியாகப் போகிறது என்பதே. துளைக்குள் நுழைய மறுப்பது வெளி வளையம். நான் தட்டியதோ, வாகாக இருந்த உள் வளையத்தை. உள் வளையத்தில் விழுந்த ஒவ்வொரு அடியும் குண்டுகள் வழியாகத்தான் வெளி வளையத்தை எட்ட முடியும். குண்டின் விட்டத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவுக்கு நிரந்தரப் பள்ளம் விழுந்தாலே எல்லை வந்துவிட்டதாகப் பேரிங் வடிவமைப்பில் கொள்கிறார்கள். 12 மில்லிமீட்டர் குண்டுக்கு அது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. கண்ணுக்கும் தெரியாது, விரலுக்கும் தெரியாது. சுத்தியலுக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

ஆக, நக்கிளுக்குள் பேரிங்கைச் செலுத்தும்போது வெளி வளையத்தை மட்டும் அழுத்த வேண்டும். அடுத்து ஹப்பை பேரிங்குக்குள் செலுத்தும்போது உள் வளையத்துக்கு மட்டும் பின்னாலிருந்து முட்டுக்கொடுக்க வேண்டும். முதல் படியைச் சரியாகச் செய்தவர்களும் இரண்டாவதில் தடுக்கி விழுகிறார்கள். நக்கிளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு ஹப்பை அழுத்தினால் விசை மறுபடியும் குண்டுகள் வழியே பாய்கிறது. ஹைட்ராலிக் பிரஸ் இல்லாவிட்டால், நீண்ட திருகு கம்பியும் அளவுக்கேற்ற கிண்ணங்களும் கொண்ட கருவி போதும். சுத்தியல் எவ்வளவு தொலைவில் இருக்கிறதோ அவ்வளவு நல்லது.

விசையைக் குறைக்கவும் ஒரு வழி உண்டு. எஃகு ஒரு டிகிரிக்குத் தன் அளவில் பத்து லட்சத்தில் சுமார் 12 பங்கு சுருங்கும். 72 மில்லிமீட்டர் விட்டமுள்ள பேரிங்கை உறையிட்டு, இரவு முழுவதும் உறைபெட்டியில் வைத்து 50 டிகிரி குளிர்வித்தால், விட்டம் ஒரு மில்லிமீட்டரில் நூறில் நான்கு பங்கு குறையும். பேரிங் தானாக விழுந்துவிடாது. ஆனால் முரண்டு பிடிப்பது வெகுவாகக் குறையும்.

பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் உள்ள கார்களில் இன்னொரு பொறி இருக்கிறது. பல பேரிங்குகளில் ஒரு பக்கச் சீலிலேயே வடக்கும் தெற்குமாக மாறி மாறி வரும் நுண்காந்தங்கள் பதிக்கப்பட்டிருக்கும். சென்சார் அவற்றை எண்ணித்தான் சக்கரத்தின் வேகத்தை அறிகிறது. பார்வைக்கு அது வெறும் கறுப்பு வளையம். திருப்பிச் செருகினால் எல்லாம் மாட்டி முடித்த பிறகு எச்சரிக்கை விளக்கு எரியும். வெளியே எடுத்தால் பேரிங் வீண். செருகுவதற்கு முன் அந்தப் பக்கத்தில் ஒரு சிறு இரும்புத் துகளை வைத்துப் பாருங்கள், ஒட்டும். பெரிய காந்தத்தை மட்டும் அருகில் கொண்டுபோகாதீர்கள்.

கடைசியாக ஆக்சில் நட்டு. இரண்டு பாதிகளாக இருக்கும் உள் வளையத்தைச் சேர்த்து நெருக்கி, குண்டுகளுக்குச் சரியான முன்னழுத்தம் தருவது அதுதான். ஆகவே புது நட்டைப் போட்டு, ஒருவர் பிரேக்கை மிதித்திருக்க, தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு, முறுக்கு விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் முறுக்கிய பிறகே காரின் பாரத்தைச் சக்கரத்தின் மேல் இறக்க வேண்டும். தளர்ந்த நட்டோடு காரை நாலடி தள்ளினாலும் புது பேரிங் அடிபடலாம்.

கழற்றிய பழைய பேரிங்கை நான் எறிவதில்லை. மண்ணெண்ணெயில் கழுவி வெளி வளையத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பேன். முதல் முறை, சுத்தியலுக்கு இரையான அந்தப் புது பேரிங்கில், குண்டுகளின் இடைவெளிக்கு ஏற்ப ஒரே சீராக மங்கிய புள்ளிகள் வளையத்தைச் சுற்றி இருந்தன. குண்டுகளுக்கு எத்தனை இடமோ அத்தனை புள்ளி.