லேத் பக்கத்தில் ஒரு முழு ஷிப்ட்

ஒரு தொழிற்சாலையில் பாதுகாப்பு அலுவலராக வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம். உலோகத்தைச் சுழற்றிச் செதுக்கும் ஒரு லேத் மெஷினில், உலோகத் துண்டைப் பிடித்துச் சுழலும் ‘சக்’ என்ற பாகத்தை மூடியிருக்க வேண்டிய கார்டு (தடுப்பு மூடி) எப்போதும் சுவர் ஆணியில்தான் தொங்கும். ஆபரேட்டரிடம் சொன்னால், "இதோ மாட்டிடறேன் மேடம்" என்பார். மாட்டவும் செய்வார். மறுநாள் காலையில் பார்த்தால் மறுபடி ஆணியில். எச்சரிக்கைப் பலகை வைத்தேன், கூட்டம் போட்டேன், மெமோவும் கொடுத்தேன். பாதுகாப்பு அலுவலரின் வேலை அதுதான் என்று நினைத்திருந்தேன்.

பிறகு, வேலை பார்த்துக்கொண்டே ஒரு பல்கலைக்கழகத்தில் பணியிடப் பாதுகாப்பு டிப்ளமோ சேர்ந்தேன். முதல் களப்பயிற்சி: ஒரு தொழிலாளியின் பக்கத்தில் முழு ஷிப்டும் நிற்க வேண்டும். கேள்வி கேட்கலாம், புத்தி சொல்லக் கூடாது. நான் அந்த லேத்துக்கே போனேன். ஒரு மணி நேரத்தில் விஷயம் விளங்கிவிட்டது. ஒவ்வொரு ஜாப்பையும், அதாவது செதுக்கும் துண்டையும், சக்கிலிருந்து எடுக்காமலே மைக்ரோமீட்டர் வைத்து இரண்டு முறை அளக்க வேண்டும். கார்டில் நாலு போல்ட். ஒவ்வொரு தடவையும் கழற்றி மாட்டினால் அன்றைய எண்ணிக்கையில் பாதிகூடத் தேறாது. மனிதரிடம் அலட்சியம் இல்லை, கார்டின் அமைப்பில்தான் கோளாறு. கீல் வைத்த கார்டும், அதைத் திறந்தால் மெஷின் ஓடாதபடி ஒரு சுவிட்சும் வந்த பிறகு, ஆணியில் எதுவும் தொங்கவில்லை.

பாதுகாப்புப் படிப்பின் அடிப்படைப் பாடமே இதுதான். ஆபத்தை அடியோடு நீக்க முடியுமா, அபாயம் குறைந்த பொருளுக்கு மாற முடியுமா, இயந்திரத்திலேயே தடுப்பு வைக்க முடியுமா என்று பார்க்க வேண்டும். விதியும் பயிற்சியும் அதற்கு அப்புறம். ஹெல்மெட், கையுறை, காதடைப்பான் எல்லாம் கடைசி. நிறைய இடங்களில் கடைசியில் இருப்பதைத்தான் முதலில் வாங்குகிறார்கள். இத்தனைக்கும் ஓடுகிற லேத்தில் கையுறை போடுவதே ஆபத்து. துணி சிக்கினால் கையையும் இழுத்துக்கொள்ளும்.

அந்த ஷிப்டில் இன்னொன்றும் கண்ணில் பட்டது. அந்த லேத் ஆபரேட்டரின் விரல் இடுக்கெல்லாம் சிவந்து, வெடித்திருந்தது. "பரம்பரை வியாதி மேடம், ரெண்டு வருஷமா களிம்பு போடறேன்" என்றார். என்ன வேலை செய்கிறீர்கள் என்று எந்த மருத்துவரும் அவரிடம் கேட்டதில்லை. தொழில்நோய்கள் பற்றி இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமசினி 1700-இல் வெளியிட்ட நூலிலேயே, நோயாளியிடம் அவருடைய தொழிலைக் கேளுங்கள் என்று எழுதிவைத்திருக்கிறார். உலகம் முழுவதும் வேலை காரணமாக ஆண்டுக்கு ஏறக்குறைய 30 லட்சம் பேர் இறக்கிறார்கள் என்பது சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் மதிப்பீடு. அதில் விபத்தைவிட நோயால் போகிறவர்களே மிக அதிகம். விபத்தை மட்டும் எண்ணிக்கொண்டிருந்த எனக்கு அது பெரிய அடி. அடுத்த பருவத்தில் பொதுச் சுகாதாரப் பாடத்தையும் எடுத்தேன்.

யாருக்கு, எங்கே, எப்போதிலிருந்து என்று கேட்டு எண்ண அந்தப் பாடம் பழக்கியது. ஆனால் மற்றவர்களுக்கும் இப்படிக் கை வெடித்திருக்கிறதா என்று நான் போய்க் கேட்டபோது ஒருவரும் கையைக் காட்டவில்லை. வேறு பிரிவுக்கு மாற்றிவிடுவார்கள், ஓவர்டைம் போய்விடும் என்ற பயம். அங்கே மூத்த டர்னர் (லேத் ஓட்டுபவர்) ஒருவர் இருந்தார். பதவி எதுவும் கிடையாது, ஆனால் அவர் சொன்னால் எல்லோரும் கேட்பார்கள். அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். மறுநாள் இடைவேளையில் 5 பேர் வந்து கையை நீட்டினார்கள். ஐந்து பேரும், வெட்டும்போது சூட்டைத் தணிக்க ஊற்றும் கூலன்ட் திரவம் ஒரே டேங்கிலிருந்து வரும் மெஷின்களில் வேலை செய்கிறவர்கள்.

லண்டன் பிராட் தெருவில் 1854-இல் காலரா பரவியபோதும் இப்படித்தான். மருத்துவர் ஜான் ஸ்னோ ஒரு தண்ணீர்ப் பம்பைச் சந்தேகித்தார். அந்தப் பம்புத் தண்ணீரைத் தொட்டியில் நிரப்பித் தொழிலாளருக்குக் கொடுத்த தோட்டா மூடித் தொழிற்சாலையில் 18 பேர் இறந்தார்கள். அதே தெருவின் பீர் ஆலையில் 70-க்கும் மேற்பட்டோர் வேலை செய்தும் ஒருவரும் இறக்கவில்லை. அவர்கள் பீர் குடித்தார்கள், ஆலைக்குச் சொந்தக் கிணறும் இருந்தது. ஸ்னோவின் கருத்தை முதலில் நம்பாத உள்ளூர்ப் பாதிரியார் ஹென்றி வைட்ஹெட், வீடு வீடாகப் போய் விசாரித்து, கடைசியில் அதற்கு வலுவான ஆதாரம் சேர்த்தார். மக்கள் அவருக்குக் கதவைத் திறந்தார்கள். சமூகத் தலைமைத்துவத்தை எதற்குத் தனியாகப் படிக்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கு நான் இந்தக் கதையைத்தான் சொல்வேன்.

பணியிடப் பாதுகாப்பு, பொதுச் சுகாதாரம், சமூகத் தலைமைத்துவம் என்ற இந்த மூன்று துறைகளில் சேர நினைப்பவர்கள் பாடத்திட்டத்தில் களப்பணி எத்தனை மணி நேரம் என்று முதலில் பாருங்கள். உண்மையான பணியிடத்துக்கு அனுப்புவார்களா, சத்தத்தையும் தூசியையும் உங்கள் கையால் அளக்க விடுவார்களா என்று கேளுங்கள். ஒன்றில் சேர்ந்தால் மற்ற இரண்டிலிருந்தும் ஒவ்வொரு பாடமாவது எடுங்கள். ஸ்லைடு மட்டும் காட்டும் படிப்பில் சான்றிதழ் கிடைக்கும், ஆணியில் தொங்கும் கார்டு கண்ணில் படாது.

அந்த டேங்கைக் கழுவி, கூலன்டை மாற்றினோம். இப்போது திங்கள்கிழமைதோறும் அந்த மூத்த டர்னர்தான் அதன் செறிவையும் அமிலத்தன்மையையும் பார்த்துப் பலகையில் எழுதுகிறார். எண் சரியில்லை என்றால் டேங்கைக் கழுவச் சொல்லும் அதிகாரமும் அவருக்கே.