"பிளவுபட்ட அரசு"ன்னா யாருங்க பிளந்தது?

அமெரிக்க எலக்‌ஷன் நியூஸ் வந்தாலே 'டிவைடட் கவர்ன்மென்ட்'டுக்கு, அதாவது ஜனாதிபதி ஒரு கட்சி, சட்டசபை இன்னொரு கட்சி கையில இருக்கறதுக்கு, "பிளவுபட்ட அரசு"ன்னு போட்டுடறாங்க, படிக்கறவங்க ஆட்சி கவுந்துடுச்சுன்னு நினைச்சுக்கறாங்க. பிளவுன்னா நமக்கு கட்சி உடையறது. 2022 இடைத்தேர்தல்ல, அட பாருங்க எனக்கே வாய்ல வந்துடுச்சு, மிட்டெர்முக்கு (ஜனாதிபதி பதவிக்காலத்தோட நடுவுல வர்ற தேர்தல்) "இடைத்தேர்தல்"னு போடறது இன்னொரு கொடுமை, அது நமக்கு பை-எலக்‌ஷன் இல்லையா. சரி, அந்த 2022ல ஹவுஸ் (கீழ்சபை) ரிபப்ளிகன் கைக்குப் போச்சு, டெமாக்ரடிக் கட்சி பைடன் ஜனாதிபதியாவே இருந்தாரு, செனட்டும் (மேல்சபை) அவர் கட்சிகிட்டயே. எது உடைஞ்சுது? ஒண்ணும் இல்ல. ஜனாதிபதிக்கு 4 வருஷம், ஹவுஸோட 435 சீட்டுக்கும் 2 வருஷத்துக்கு ஒருவாட்டி, செனட்ல ஒவ்வொரு வாட்டியும் மூணுல ஒரு பங்கு, இப்படி ஓட்டு தனித்தனியா நடந்தா ஆளுக்கொரு கட்சி உக்கார்றது சகஜம்தான்.

சொல்லோட மூலம் லத்தீன், 'டிவிடெரே'ன்னா பிரிக்கறது, அவ்ளோதான்.

சிலர் "இரட்டை ஆட்சி"ங்கறாங்க, இதுதான் எனக்கு ரொம்ப எரிச்சல். அது 1919ல வெள்ளைக்காரன் போட்ட சட்டத்துல வந்த ஏற்பாட்டோட பேரு, மெட்ராஸ் மாகாணத்துல கல்வி, சுகாதாரம் எல்லாம் நீதிக்கட்சி மந்திரிங்ககிட்ட, நிதியும் போலீசும் கவர்னர் பக்கம். அங்க துறையைப் பிரிச்சது லண்டன், ஓட்டுப் போட்டவன் இல்ல. ஏற்கனவே ஆள் குடியிருக்கற சொல்லுக்குள்ள இன்னொரு அர்த்தத்தைக் கொண்டுபோய் திணிச்சா வரலாறு படிக்கற பசங்க என்ன பண்ணுவாங்க? "பகிர்வாட்சி"யும் ஒத்துவராது, பகிர்வுன்னா மனசார குடுக்கறது.

நான் சொல்றது "பங்காட்சி". பங்காளிங்கற வார்த்தை கூடவே ஞாபகம் வரும், ஒரே சொத்து, ரெண்டு பேருக்கும் உரிமை, தினம் தகராறு. பிரான்ஸ்ல 1986ல மித்தரான் ஜனாதிபதி, எதிர் அணி சிராக் பிரதமர்னு ஆனப்போ ஒரே வீட்ல குடித்தனம்ங்கற அர்த்தத்துல ஒரு சொல்லு வச்சாங்க. இலங்கைல 2001லேந்து சந்திரிகா ஜனாதிபதி, எதிர்க்கட்சி ரணில் பிரதமர், 2003 நவம்பர்ல ரணில் வாஷிங்டன்ல இருக்கறப்பவே பாதுகாப்பு, உள்துறை, ஊடகம் மூணையும் சந்திரிகா எடுத்துக்கிட்டாரு. இதுக்கு "பிளவு" போதுமா? பச்சை பங்காளிச் சண்டை.

அதுக்காக நம்ம ஊர் கவர்னர் - முதல்வர் தகராறுக்கும் இதை ஒட்டிடாதீங்க, கவர்னர் எந்த எலக்‌ஷன்லயும் நின்னு அந்த நாற்காலிக்கு வரல.