பிள்ளை டிரா செய்துவிட்டு வந்தால்

சமூக மன்றச் சதுரங்கப் போட்டிகளில் சுற்று முடிந்து பிள்ளை வெளியே வந்ததும் பெற்றோர் கேட்பது, "ஜெயிச்சியா?" டிரா என்றால் முகம் வாடிவிடுகிறது. சதுரங்கம் சொல்லிக்கொடுப்பவன் என்ற முறையில் கேட்டுக்கொள்கிறேன்: வாடுவதற்கு முன், பிள்ளை நகர்த்தல்களை எழுதிவைத்த ஆட்டத்தாளை வாங்கிப் பாருங்கள்.

2024 இறுதியில் இங்கே சிங்கப்பூரின் செந்தோசாவில் நடந்த உலகப் பட்டப் போட்டியில் குகேஷும் டிங் லிரனும் ஆடிய 14 ஆட்டங்களில் 9 டிரா. ஏழாவது ஆட்டத்தில் டிங் கிட்டத்தட்டத் தோற்ற நிலையில் இருந்தார். 72 நகர்த்தல்கள் தாக்குப்பிடித்து அரைப் புள்ளியை மீட்டார். அதுவும் டிராதான்!

எல்லா டிராவும் அப்படியல்ல. ரூய் லோபஸ் என்ற தொடக்க ஆட்டமுறையில், கறுப்புக்குப் பெர்லின் தற்காப்பு என்றொரு வழி உண்டு. 2000இல் லண்டனில் நடந்த உலகப் பட்டப் போட்டியில் கிராம்னிக் அதை வைத்துத்தான் காஸ்பரோவின் வெள்ளைக் காய்களை முடக்கினார். அந்தப் போட்டியில் காஸ்பரோவ் ஓர் ஆட்டம்கூட வெல்லவில்லை. அதே பெர்லினில் ஒரு குறுக்குவழியும் இருக்கிறது. வெள்ளை ராணி டி4, இ4 கட்டங்களிலும் கறுப்பு ராணி டி6, இ6 கட்டங்களிலும் மாறி மாறி நகர, 14 நகர்த்தல்களில் டிரா என்று கைகுலுக்கிவிடலாம். கிராண்ட்மாஸ்டர்களுக்கு அதில் கணக்கு இருக்கும். பத்து வயதுப் பிள்ளைக்கு அது வேண்டவே வேண்டாம். யானையையும் சிப்பாய்களையும் வைத்து மூன்று மணி நேரம் போராடினால்தானே, காய்கள் குறைந்தபின் ஆடும் இறுதியாட்டம் கைவரும்?

போராடிப் பெற்ற டிராவை விதி தெரியாமல் கோட்டைவிடுவதுதான் எனக்கு இன்னும் வருத்தம். பலகையில் ஒரே நிலை மூன்றாம் முறை வந்தால் டிரா கோரலாம். என் மாணவி ஒருத்தி ஒரு சிப்பாய் குறைந்த நிலையில், யானையை முன்னும் பின்னும் நகர்த்தி ஒரே நிலையை மூன்றாம் முறை கொண்டுவந்தாள். ஆனால் நகர்த்தி, கடிகாரத்தை அழுத்திவிட்டுத்தான் டிரா கோரிக் கையைத் தூக்கினாள். அப்போது முறை எதிராளியுடையது, கோரிக்கை செல்லாது. சுதாரித்துக்கொண்ட எதிராளி வேறு வழியில் ஆடி வென்றுவிட்டான்.

சரியான முறை இதுதான். மூன்றாம் முறை அந்த நிலையைக் கொண்டுவரும் நகர்த்தலைத் தாளில் மட்டும் எழுத வேண்டும். காயைத் தொடக்கூடாது, தொட்டால் அந்த நகர்த்தலுக்குக் கோரும் உரிமை போய்விடும். கடிகாரத்தை நிறுத்தி நடுவரைக் கூப்பிட வேண்டும். கோரிக்கை தவறாக இருந்தால் எதிராளிக்கு இரண்டு நிமிடம் கூடும், ஆட்டம் தொடரும். அதற்குப் பயந்து பிள்ளைகள் பேசாமல் இருந்துவிட வேண்டாம்.